பட்டினம் கண்ணில் தெரிய, கௌதாரிமுனையில் மழைக்கு நின்ற நாள்

26 ஜனவரி – வாசகர் ஒருவரின் கேள்வி

விடத்தல்தீவில் இருந்து யாழ்ப்பாணம் வரை கனூவில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். கடைசிக் கட்டத்தில் கௌதாரிமுனையில் மழைக்காக ஒரு முழுநாள் நின்றது எனக்கு விளங்கவில்லை. எதிரே பட்டினம். பரவைக்கடல் இடுப்பளவு தண்ணீர். கவிழ்ந்தாலும் எழும்பி நிற்கலாம். நனைந்தால் நனைந்ததுதானே. இரண்டு மணித்தியாலம் துடுப்புப் போட்டிருந்தால் அன்று மத்தியானமே லொட்ஜில் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். ஒரு நாளை வீணாக்கினீர்கள் என்பது என் எண்ணம்.

26 ஜனவரி, இரவு 9.40

வீணாகவில்லை. ஏழு நாள் பயணத்தில் எந்த நாளைத் திரும்பத் தரட்டும் என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் கேட்பேன். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆழம் குறைவு என்பது சரி. பரவைக்கடலில் பல இடத்தில் துடுப்பை நட்டால் பிடி தண்ணீருக்கு மேலே நிற்கும். பயப்பட வேண்டியது ஆழத்துக்கு அல்ல, காற்று கொண்டுபோகிற திசைக்கு. தை மாதத்தில் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கில் இருந்து வருவது. கௌதாரிமுனையில் நின்று பார்த்தால் பட்டினம் வடக்கே. கிளாலிப் பக்கத்தில் இருந்து ஒரு மரம் மட்டை தடுக்காமல் ஓடிவருகிற காற்று உங்களைத் தென்மேற்கே தள்ளும். அங்கே மண்டைதீவுக்கும் இந்தப் பக்கத்துக் கல்முனை முனைக்கும் நடுவில் கடலின் வாய் திறந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால் பாக்கு நீரிணை. அங்கே எழும்பி நிற்கலாம் என்ற கதை இல்லை.

மழை வந்தால் பட்டினம் மறைந்துவிடும் என்பது அடுத்தது. எங்கள் கனூ 16 அடி, மேல்மூடி இல்லாதது. மழை விழுகிற வாய் ஏறத்தாழ 3 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். அன்று கரையில் இருந்த மீனவர் வாடி (ஓலைக் குடிசை) ஒன்றின் வாசலில் விட்ட வாளியில் மழை விடும்போது 60 மில்லிமீற்றர் நின்றது. அப்படியென்றால் கனூவுக்குள் 180 லீற்றர், 180 கிலோ. எங்கள் இருவரின் எடையையும் விடக் கூட. அதுவும் ஓரிடத்தில் கிடக்காத சுமை. கனூ இடப்பக்கம் சரிந்தால் அவ்வளவும் இடப்பக்கம் ஓடும்.

அதனால் நாங்கள் வெளிக்கிடவில்லை.

27 ஜனவரி, காலை

வாளிக் கணக்கைத் திருத்துகிறேன். இரவு படுத்த பிறகுதான் மண்டையில் தட்டியது. அது நேர்ச் சுவர் வாளி அல்ல, வாய் அகன்று அடி ஒடுங்கிய சாதாரணப் பிளாஸ்ரிக் வாளி. அகன்ற வாயால் பிடித்த தண்ணீர் ஒடுங்கிய அடியில் நிற்கும்போது உயரம் கூடத் தெரியும். விடிய எழும்பி வீட்டில் அதே மாதிரி வாளி ஒன்றை அளந்தேன். வாய் 30 சென்ரிமீற்றர், அடி 22, உயரம் 28. அடியில் ஆறு சென்ரிமீற்றர் நின்றால் உண்மையில் பெய்த மழை 35 மில்லிமீற்றர் அளவில்தான் வருகிறது.

ஆகவே கனூவுக்கு 180 அல்ல, ஏறத்தாழ 105 லீற்றர். இது ஒரே மூச்சில் விழாது, இடையிடையே இறைத்துக்கொண்டு போகலாம் என்று நீங்கள் சொல்லலாம். இரண்டு பேர் போகிற கனூவில் ஒருவர் இறைத்தால் மற்றவர் மட்டும்தான் துடுப்புப் போடலாம். எதிர்க்காற்றில் ஒரு துடுப்பு முன்னுக்குப் போகாது, நின்ற இடத்தைக் காப்பாற்றினாலே பெரிய காரியம்.

28 ஜனவரி

பாதை கேட்டவர்களுக்கு: விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சி, கௌதாரிமுனை, பட்டினம். வாடை காலத்தில் வன்னியின் மேற்குக் கரை காற்று மறைவு. தரை தடுத்துக்கொள்ளும், கரையை ஒட்டிப் போனால் கடல் சொன்னபடி கேட்கும். முதல் ஐந்து நாளும் அந்த மறைவில்தான் வந்தோம். இரணைதீவு ஒரு நாள் முழுக்க இடப்பக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது. அந்த ஐந்து நாளின் லேசுதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். கௌதாரிமுனையின் நுனியைச் சுற்றியதும் மறைவு முடிந்துவிடுகிறது.

கயாக்கா என்று கேட்டவருக்கு: இல்லை, திறந்த கனூ. குருநகரில் வள்ளம் கட்டுகிற ஒருவர் ஃபைபரில் செய்து தந்தது.

30 ஜனவரி, இரவு

முதல் குறிப்பில் "வெளிக்கிடவில்லை" என்று எழுதியது உண்மை அல்ல. நான்கு நாளாக அது நெஞ்சில் உறுத்துகிறது. இந்த இழையைப் பார்த்து யாராவது கடலில் இறங்கக்கூடும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் வெளிக்கிட்டோம்.

மழைக்கு முதல் நாள் பின்னேரம் கௌதாரிமுனைக்கு வந்து ஒரு வாடிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம். இருட்டியதும் எதிர்க்கரையில் பட்டினத்து வெளிச்சம். தொலைபேசிக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் மினுங்கின. ஐந்து நாளாக உப்புத் தோலோடு மணலில் படுத்தவர்களுக்கு அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கூட வந்த மச்சான் அங்கிருந்தே லொட்ஜுக்கு அழைத்து அறை சொல்லிவிட்டான். முற்பணமும் அனுப்பினான். வெந்நீர் வருமா என்று இரண்டு தரம் கேட்டான். வினை தொடங்கியது அந்த அழைப்பில்தான். அதுவரை நாங்கள் கடலைப் பார்த்து நேரம் வைத்தோம். அதற்குப் பிறகு அறையைப் பார்த்து நேரம் வைத்தோம்.

விடிய எழும்பும்போது கிழக்கு மை மாதிரிக் கிடந்தது. தூறல். வாடிக்கார ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பியவை, எங்கை வெளிக்கிடுறியள்?"

"பட்டினத்துக்கு ஐயா. கிட்டத்தானே."

"கிட்டத்தான். காத்து விழட்டும், போகலாம். பட்டினம் எங்கையும் ஓடாது."

பிறகு கனூவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விளிம்பில் கையை வைத்து அமத்தினார். "உதென்ன, தோணியோ குளிக்கிற தொட்டியோ?" மச்சான் சிரித்தான், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டோம்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். முதலில் சத்தம்தான் வந்தது. சுளகில் அரிசியைக் கொட்டிப் புடைக்கிற சத்தம், கிழக்கில் இருந்து, கூடிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் கடலின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அது எங்கள் மேல் ஏறியதும் எதிரே இருந்த பட்டினமும் பின்னால் இருந்த கௌதாரிமுனையும் ஒன்றாகக் காணாமல் போயின. முன்னால் இருந்த மச்சானின் முதுகு தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. போனை எடுத்துத் திசை பார்க்கலாம் என்றால் திரையில் துளி விழ விழ அது தன்பாட்டுக்கு ஒன்றை அமத்துகிறது, என் விரலைக் கணக்கெடுக்கவில்லை. திசைகாட்டி ஒன்று இருந்தது. பைக்குள், அடியில்.

சரி, நேரே போவோம் என்று துடுப்புப் போட்டோம். நேரே போகிறோம் என்றுதான் நினைத்தோம். திடீரென்று கனூ எதிலோ இடித்தது. தடிகள். கடலட்டைப் பண்ணையின் வேலித் தடிகள், வரிசையாக. அந்தப் பண்ணை எங்கள் பாதையிலேயே இல்லை, வெகுவாக மேற்கே இருந்தது. கால் மணித்தியாலத்தில் நாங்கள் அவ்வளவு தூரம் பக்கவாட்டில் தள்ளப்பட்டிருந்தோம். ஒரு தடியை இரண்டு கையாலும் பிடித்தேன். கனூ கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி மற்றப் பக்கம் இழுத்தது. அந்த இழுவையைக் கையில் உணர்ந்தபோதுதான் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பது எனக்கு உறைத்தது. அந்தத் தடி மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், பட்டினத்துக்குப் போகிறோம் என்ற நினைப்போடு.

தடியைப் பிடித்தபடி மச்சான் இறைத்தான். பாதியாக வெட்டிய எண்ணெய்க் கலன்தான் எங்கள் இறைகலம். எத்தனை கலன் ஊற்றினான் என்று தெரியாது, எண்ணுகிற நிலையில் இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. டங், டங், டங். கொஞ்சம் விட்டு மறுபடியும் டங், டங், டங். ஐயா கரையில் நின்று தகரக் கலன் ஒன்றைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தெரியாமல் போன நேரத்தில் இருந்து அடித்தாராம். பண்ணை வேலியைத் தடி தடியாகப் பிடித்துக் கரைப் பக்கம் நகர்ந்தோம், வேலி முடிந்த இடத்தில் இருந்து சத்தத்தைப் பார்த்து இழுத்தோம். கால் நிலத்தில் பட்டபோது நான் இறங்கி நடந்தேன். சேறு முழங்கால்வரை வாங்கியது. எழும்பி நிற்கலாம் என்று கேள்வியில் சொன்னீர்களே, அந்தச் சேற்றில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

31 ஜனவரி

"அப்போ ஐயா காப்பாற்றியதை ஏன் முதல் குறிப்பில் மறைத்தீர்கள்?" என்று ஒருவர் நேரே கேட்டிருக்கிறார். வெட்கம்தான். வேறு காரணம் இல்லை. பயணத்துக்கு முன்னமே நான் பலருக்கு மழையில் கடல் ஏறாதீர்கள் என்று சொல்லித் திரிந்தவன்.

2 பெப்ரவரி

குளிரைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று எல்லாரும் கேட்பார்கள். தை மாத மழையில் வெப்பநிலை 23, 24 பாகையில் நிற்கும். வீட்டில் இருந்தால் அது சுகமான குளிர்மை. நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் அதே 24 பாகை உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்யும், ஏனென்றால் ஈரத் துணியில் இருந்து காற்று நீரை ஆவியாக்குவதே உடம்பின் சூட்டை எடுத்துத்தான். கரைக்கு வந்த பிறகு என் பையின் முடிச்சை அவிழ்க்க எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. நானே போட்ட முடிச்சு. விரல்கள் வெள்ளைவெளேரென்று சுருங்கி, சொல் கேட்காமல் நின்றன. மச்சானுக்குப் பல் கிட்டியது. இரண்டு மணித்தியாலம் நனைந்தபடி போகலாம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். அந்த விரல்களால்தான் கவிழ்ந்த கனூவை நிமிர்த்த வேண்டியிருந்திருக்கும்.

பருத்திச் சாரமும் ஜீன்ஸும் வேண்டாம். விளையாட்டுச் சட்டை மாதிரி மெல்லிய பொலியெஸ்ரர் நல்லது, பிழிந்தால் பாதி காய்ந்துவிடும். ஒரு சோடி காய்ந்த உடுப்பைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, வாயை மடித்துக் கட்டி, எது நடந்தாலும் திறக்காமல் வையுங்கள்.

இடி மின்னல் கேட்டவருக்கு: அன்று இடி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இருக்கும். வெட்டவெளிக் கடலில் கனூவில் இருப்பவரின் தலைதான் உயரமான பொருள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் கரை ஏறிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் இறங்கக் கூடாது.

4 பெப்ரவரி

அந்த நாளை எப்படிக் கழித்தோம் என்று இன்னும் எழுதவில்லை. அதை எழுதத்தான் இவ்வளவும்.

ஐயா எங்களைத் திட்டவில்லை. வாடிக்குள் கூப்பிட்டு இருத்தினார். கூடாரம் காற்றில் மடிந்து, உள்ளே எல்லாம் ஈரம். நீலத் தறப்பாள் ஒன்றை எடுத்துத் தந்து, "சாமான்களை உதுக்குள்ளை மூடுங்கோ" என்றார். அவருடைய மருமகள் பிளேன்ரீ கொண்டுவந்தா, பனங்கட்டித் துண்டோடு. அந்தக் கோப்பையைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன்.

மழை ஓலைக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஐயா வலையில் கிழிசல் பார்த்தார். நாங்களும் ஒரு ஓரத்தைப் பிடித்தோம். எனக்குப் பின்னத் தெரியாது, ஆகவே வலையை இழுத்துப் பிடிக்கிற வேலை. கண்ணைச் சுருக்கி, ஊசியை உள்ளே விட்டு, பெருவிரலால் நூலை அமத்தி, ஒரு சுழி, ஒரு இழு. அவ்வளவுதான். நூறு தரம் பார்த்தும் அந்தச் சுழி எனக்குப் பிடிபடவில்லை.

மாரி வெள்ளம் பரவைக்கடலில் இறங்க இறால் அசையத் தொடங்குமாம். களங்கண்டி வலையில் முந்தின இரவு விழுந்த இறாலும் இரண்டு நண்டும் கிடந்தன. அக்கா, அதுதான் மருமகள், "மழைக்குக் கூழ் காய்ச்சுவம்" என்றா. ஒடியல் மாவை ஏற்கெனவே ஊறப்போட்டிருந்தா. ஊறிய தண்ணீரை இரண்டு தரம் வடித்து ஊற்றினா, கைப்புப் போவதற்கு. பெரிய பானையில் நண்டு, இறால், மீன்தலை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை. எல்லாம் அவிந்த பிறகு செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் புளியும். கடைசியில்தான் மாவைக் கரைத்து ஊற்றுவது. ஊற்றியதும் கை ஓயாமல் துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். துழாவுகிற வேலையை மச்சானிடம் கொடுத்தா. அவன் ஆறு நாளும் துடுப்புப் போட்ட கையால் அகப்பையைப் பிடித்துத் துழாவினான். ஐயா பார்த்துவிட்டு, "உவர் பானைக்குள்ளையும் பட்டினம் போறார்" என்றார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா.

ஐயா பனையோலையை மடித்துப் பிளா கோலித் தந்தார். ஓலை ஒன்றை விரித்து, இரண்டு நுனியையும் மேலே கூட்டி, ஈர்க்கால் கட்டினால் சின்ன வள்ளம் மாதிரி இருக்கும். அதில் ஊற்றிய கூழை ஊதி ஊதிக் குடித்தோம். நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுகிற சத்தம் தவிரக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உறைப்பு காதுக்குள் ஏறியது. நடுக்கம் முழுதாக விட்டது அப்போதுதான்.

மூன்று மணிபோல மழை விட்டது. காற்று விடவில்லை. நான் மண்ணித்தலைப் பக்கம் நடந்தேன். மணலுக்குள் அந்தப் பழைய சிவன் கோவிலின் இடிபாடு நிற்கிறது, ஈரத்தில் கல் கறுத்து. மணல் மழையில் இறுகி, கால் புதையாமல் நடக்கலாம். திரும்பி வந்து, காய்ந்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, நாலு மணிக்குப் படுத்தவன் இரவு எட்டு மணிக்குத்தான் எழும்பினேன். அப்படி ஒரு நித்திரை எனக்குப் பட்டினத்தில் வரவில்லை.

7 பெப்ரவரி

திருத்தம்: அக்கா போட்டது பலாக்கொட்டை இல்லையாம். தையில் பலாக்கொட்டைக்கு எங்கே போவது என்று மச்சான் கேட்கிறான். அவன்தான் துழாவியவன், அவனை நம்புங்கள்.

9 பெப்ரவரி

தகரக் கலன் சத்தத்தைப் படித்துவிட்டு அம்மா ஒரு கதை சொன்னா. விலகிப் போகிறேன் என்று தெரியும், இருந்தாலும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் போரால் ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகள் அடைபட்டுக் கிடந்த காலம். குடாநாட்டை விட்டு வெளியே போக இருந்த வழி கிளாலிக் கடல். இரவில், விளக்கில்லாமல். இயந்திரம் பூட்டிய ஒரு வள்ளம் முன்னே இழுக்க, மற்ற வள்ளங்கள் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்தக் கடலில் கொல்லப்பட்டவர்கள் பலர். அம்மா போன இரவு மழை. பத்து மாதக் குழந்தையான என்னை மடியில் வைத்து, மேலே பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு இருந்தாவாம். "மழை வந்தது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது, எங்களை ஒருவருக்கும் தெரியாது என்று" என்றா. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி கையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே வந்தாவாம், கரைவரைக்கும்.

நான் என்னத்தைச் சொல்ல. அதே பரவைக்கடல்தான். எனக்கு மழை கரையை மறைத்தது என்பது முறைப்பாடு. அம்மாவுக்கு மழை வள்ளத்தை மறைத்தது. அம்மா இந்தக் கதையை இதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. நான் கனூ வாங்கியபோது ஏன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது.

13 பெப்ரவரி

மறுநாள் கடந்ததைக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. தையில் வாடை இரவில் தணிந்து, விடியற்புறம் அநேகமாக விழுந்து கிடக்கும், பகல் ஏற ஏற எழும்பும் என்று ஐயா சொன்னார். ஆறு மணிக்கு எழுப்பிவிட்டார். கடல் தகடு மாதிரி. இந்த முறை திசைகாட்டி என் கழுத்தில். நேரே பட்டினத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கிழக்கே, கொழும்புத்துறைப் பக்கம் முகம் வைத்துப் போகச் சொன்னார், காற்று எழும்பினாலும் தள்ளிக்கொண்டுபோய்ப் பாசையூரில் விடும் என்று. அப்படியே நடந்தது. ஒன்றேகால் மணித்தியாலம். அந்தோனியார் கோவிலுக்குக் கிட்டக் கரை ஏறினோம். நடுவில் பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரில் நின்றது, நாங்கள் வந்ததை அவை பொருட்படுத்தவில்லை.

16 பெப்ரவரி

பட்டினத்து ஓய்வு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் முதல் கேள்வியே லொட்ஜில் காலை நீட்டுவதைப் பற்றியதால் சொல்கிறேன்.

வெந்நீர் வரவில்லை. ஈர உடுப்பைக் காயப்போட விறாந்தையில் கயிறு கட்டியதற்கு லொட்ஜ்காரர் கோபித்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, பரவைக்கடல் சேறு அப்படி மணக்கும். கூடாரம், பை, கயிறு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதில் மத்தியானம் போனது. படுத்தால் கட்டில் ஆடுகிறது. கண்ணை மூடினால் துடுப்பு. பட்டினத்தில் நான் வேலைதான் செய்தேன். ஓய்வு முதல் நாளே வாடியில் முடிந்திருந்தது.

பின்னேரம் கோட்டைக் கொத்தளத்தில் ஏறி நின்று தெற்கே பார்த்தோம். நேரம் மூன்றரை. கோட்டையடிப் பண்ணைக் கடல் முழுக்க வெள்ளை நுரை, வரிசை வரிசையாக. முதல் நாள் நாங்கள் விடாப்பிடியாகப் போயிருந்தால் எந்த நேரத்துக்கு எங்கே இருந்திருப்போம் என்று மச்சான் கையால் காட்டினான். கை மண்டைதீவையும் தாண்டி மேற்கே போனது. பிறகு கையை இறக்கிவிட்டு, இடியப்பம் சாப்பிடப் போவோம் என்றான்.

17 பெப்ரவரி

வானிலை அறிக்கை எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு: வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் காங்கேசன்துறையில் இருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பைப் பாருங்கள். காற்றின் வேகம் மணிக்குக் கிலோமீற்றரில் இருக்கும். திறந்த கனூவுக்கு என் எல்லை இப்போது 20. முன்னர் 30 என்று வைத்திருந்தேன். அறிக்கையைப் பார்த்த பிறகு கரையில் இருப்பவரையும் கேளுங்கள். அடையாள அட்டையை நனையாமல் வையுங்கள், கடற்படை கேட்கும்.

3 மார்ச்

தறப்பாளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெளிக்கிடும் அவசரத்தில் எங்கள் பையோடு பட்டினத்துக்கு வந்துவிட்டிருந்தது. கடலால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் வந்த தூரத்துக்குத் தரையால் நாவற்குழி, தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, அதன் பிறகு மணல் பாதை என்று மோட்டார் சைக்கிளில் பாதி நாள் போய்விட்டது. 2011இல் திறந்த பாலம், 288 மீற்றர்தான். அதன் நடுவில் நிறுத்திக் கீழே பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் பாசி ஆடுவது தெரிகிறது.

ஐயா தறப்பாளை விரித்து நாலு மூலையும் பார்த்தார். ஒரு மூலையில் கண்ணி தெறித்திருந்ததை நான் மச்சானைக் கொண்டு தைப்பித்திருந்தேன். அதை விரலால் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். அக்காவுக்கு நல்லூரில் வாங்கிய உழுத்தம்மாவும் பிள்ளைகளுக்கு இனிப்பும் கொண்டுபோயிருந்தேன்.

"தொட்டி எங்கை?" என்று கேட்டார்.

"வீட்டிலை கவிட்டு வைச்சிருக்கிறன் ஐயா."

"பங்குனியிலை கொண்டு வாங்கோ. கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். அந்தச் சுழியையும் பழகலாம்."

வரும்போது ஊசியும் ஒரு கட்டு நைலோன் நூலும் தந்துவிட்டார். இப்போது மேசையில் கிடக்கிறது. நேற்று இரவு ஒரு கண்ணி சரியாக வந்தது, இரண்டாவது வரவில்லை.